ஜான் பாய்ட் டன்லப்

உலகத்துக்கு நன்மை செய்தவர்களுள் சிலர் பெருந் துன்பங்களை நீக்கிப் புகழடைந்தனர். வேறு சிலரோ, எல்லோரும் நாள்தோறும் பொறுத்துக்கொண்டு துன்பமென்றே எண்ணாதுவிட்ட ஒரு சிறு தொல்லையைக் கவனித்து நீக்கியதனால் நிலைத்த பெயர் பெற்றனர். சக்கரத்தின் அதிர்ச்சியை அடக்க வழி கண்ட ஜான் பாய்ட் டன்லப் இப்பின்னவருள் ஒருவர்.

இவர் 1840 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5 ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்து ஏர்ஷயர் பகுதியில் உள்ள டிரெக்ஹார்ன் என்னும் கிராமத்தில் பிறந்தார். எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் பயின்று, 19 ஆம் பிராயத்திலேயே தேர்ச்சி பெற்றார். 1867 ஆம் ஆண்டில் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு பெல்பாஸ்ட் நகரில் வைத்தியம் நடத்தினார். குதிரைகளே வண்டியிழுத்த அக்காலத்தில் அவருடைய தொழில் மிகவும் செழித்தது. யந்திர சாஸ்திரம் அவர் கற்றதன்று; ஆயினும் தொழிலுக்கு வேண்டிய சில பொருள்களை ரப்பரால் தாமே செய்துகொள்ளும் கைத்திறம் அவருக்கு இருந்தது.

அவருடைய சிறு புதல்வனுக்கு ஒரு முச்சக்கர வண்டி இருந்தது. அதன் சக்கரங்களில் அந்நாளைய வழக்கப்படி கெட்டி ரப்பரே பூட்டப்பட்டிருந்தது. கல் பாவிய வீதிகளில் அவ்வண்டி குலுங்குவதைத் தந்தை கவனித்தார். கெட்டியான பொருள் அதிர்ச்சியை அப்படியே மேலே ஏற்றுகிறது. நெகிழும் பொருளோ அதைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்கிறது. காற்றைக்காட்டிலும் எளிதில் நெகிழ்ந்து மீள்வது வேறெதுவுமில்லை என்று அவர் எண்ணினார்.

எண்ணியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1887 ஆம் ஆண்டில் ஒரு மரவட்டத்தின் விளிம்பில் மெல்லிய ரப்பர்க் குழலைச் சுற்றி, அதனுள் காற்றை நிரப்பினார். அதையும் முச்சக்கர வண்டியின் பழைய சக்கரமொன்றையும் தம் வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் சிறிது தூரம் சென்று சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து, வாயிற் கம்பத்தில் மோதித் திரும்பியது. அதிர்ச்சி குறைந்தால் வீணாகும் சக்தியும் குறைகிறது என்பது அவ்வொரு சோதனையால் விளங்கிற்று. 1888 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை அளிக்கப்பட்டது.

தடித்த அந்தச் சக்கரத்தைக் கண்டு முதலில் நகைத்தவர் பலர். 1889 ஆம் ஆண்டு மே மாதத்தில் பெல்பாஸ்ட் குவீன்ஸ் கலாசாலைப் பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்பவர் இச்சக்கரம் பூட்டிய சைக்கிளில் ஏறி வெற்றிமேல் வெற்றி கொண்டார், நகைப்பும் அடங்கிற்று. அவரிடம் தோற்றவர்களின் தந்தையாகிய ஹார்வி டு குரோ என்னும் வணிகர் டன்லப்புடன் கூடி டப்ளின் நகரில் ஒரு கம்பெனியை ஏற்படுத்தினார்.

இந்நிலையில் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845 ஆம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்துக்கு உரிமை பெற்றிருந்தார் என்ற செய்தி வெளிப்பட்டது. டன்லப்பின் உரிமை செல்லாதென்று தீர்மானமாயிற்று. அவர் தாம்சனுடையதைத் திருடினவரல்லர். தாம்சன் உரிமை பெற்ற காலத்தில் சைக்கிளும் பரவவில்லை, மோட்டாரும் இல்லை. ஆகவே அவர் கண்டது மறக்கப்பட்டு, அவரும் 1873 ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார். டன்லப் கண்டதோ வேண்டிய காலத்தில் வந்தது. ஆயினும் முதன்மை தாம்சனுக்கே உரியது என்று சொல்வதே நீதி.

டன்லப் சில ஆண்டுகளில் கம்பெனியை விட்டு விலகினார். 1896 ஆம் ஆண்டில் அது முப்பது லக்ஷம் பவுனுக்கு விற்கப்பட்டது. அப்பெருஞ் செல்வம் அவரைச் சேரவில்லை. வங்காளத்துச் சாஹாகஞ்சிலும், பின்னர்ச் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால் அவர் 1921 ஆம் ஆண்டு அக்டோபர் 23 ஆம் தேதியே டப்ளினில் காலமாகியிருந்தார்.

டன்லப் அடக்கியது பாதையிலிருந்து வரும் அதிர்ச்சி. 1895 ஆம் ஆண்டில் மிஷலின் சகோதரர் பாரிஸ் முதல் போர்டோ வரை சென்று மீளும் பந்தயத்தில் மோட்டார் வண்டிக்குக் காற்று டயர் பூட்டி ஓட்டினர். அதன்பின் வேகம் வளர வளர, சக்கரமே தன்னிடத்தில் பிறப்பிக்கும் அதிர்ச்சி தலையெடுத்தது. டயரில் ஒரு பக்கம் 30 கிராம் எடை மிகுந்திருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள அவ்வெடை, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 3 கிலோகிராம் பாரத்தின் வலிமையோடு ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும்.

பிக்கப் லாரிகளில் இத்தொல்லை நன்கு புலப்படும். அவற்றின் டயர்கள் பருத்தவை; பின்புற வில்லுகள் பாரத்துக்கென்று விறைப்பாகச் செய்யப்பட்டவை. பாரமின்றி ஓடும்போது சிறு அதிர்ச்சியும் உடம்பில் உறைக்கும். ஸ்டியரிங் நடுங்கினால் குற்றம் பெரும்பாலும் முன் சக்கரத்தில். ஆசனம் நடுங்கினால் பெரும்பாலும் பின் சக்கரத்தில். முதலில் காற்றின் அளவையும், உள்வட்டத்தில் ஒட்டிய சேற்றையும், டயரின் தேய்மானத்தையும், ரிம்மின் வளைவையும், நட்டுகளின் இறுக்கத்தையும் பார்க்கவேண்டும். பிறகு சக்கரத்தைப் பாலன்சிங் யந்திரத்தில் சுழற்றி, யந்திரம் காட்டும் இடங்களில் ரிம்மின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் சிறு உலோகக் கட்டிகளைப் பொருத்துவர். அதன் பின்னும் நடுக்கம் நீங்காவிடில் ஸ்டியரிங் மூட்டுகளைச் சோதிக்கவேண்டும். இம்முறையை விட்டு, கண்டதையெல்லாம் மாற்றுவோர் பணத்தை இழப்பர், நடுக்கம் நிற்காது.

முற்றத்தில் இரண்டு சக்கரங்களை உருட்டி ஒப்பிட்ட டன்லப்பின் வழியும் இதுவே. ஊகத்தை உண்மையென்று கொள்ளாமல், ஒன்றோடொன்றை வைத்துப் பார்த்து அவர் தெளிந்தார். மிருக வைத்தியர் ஒருவர் யந்திர உலகத்தை மாற்றியது இப்பழக்கத்தினாலேயே. தம் பாடப் புத்தகத்துக்கு அப்பாற்பட்டதைத் தமக்குரியதன்று என்று ஒதுக்கும் மாணாக்கர் இவர் சரித்திரத்தை ஊன்றி நோக்குவாராக. பயனை வழங்கிய டன்லப்பைப் போற்றும்போது, முன்னே கண்டு மறக்கப்பட்ட தாம்சனையும் நினைப்பதே நன்றியறிவுடையோர் கடமையாகும்.