நீல்தர்ப்பண் தந்த தீனபந்து மித்ரா

பிழைப்பு நாடி வங்க மண்ணுக்கு வந்த நம்மவர், பங்கிம் சந்திரரையும் தாகூரையும் அறிந்த அளவுக்குத் தீனபந்து மித்ராவை அறிந்திலர். அரசுப் பணியில் ஊர் ஊராக மாற்றப்பெற்று, நம்மிற் பலருடைய வயதிலேயே மறைந்த அப்பெருமகனாரின் வரலாற்றை நம் சங்க மலரில் எழுதுவதைக் கடமையாகவே கருதுகிறோம்.

அவர் 1830-ஆம் ஆண்டில், நதியா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சௌபேரியா என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கந்தர்வ நாராயணன்; தீனபந்து என்பது அவரே சூட்டிக்கொண்டது. ஏழை பங்காளன் என்பது அதன் பொருள். தந்தையார் அவரை இளமையிலேயே ஒரு ஜமீன் கச்சேரியில் வேலைக்கு அமர்த்தினார். கல்வி வேட்கையால் சிறுவர் கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உறவினர் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாதிரியார் ஜேம்ஸ் லாங் நடத்திய இலவசப் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் இந்துக் கல்லூரியிற் பயின்று, 1855-இல் மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் பாட்னா போஸ்ட்மாஸ்டர் ஆனார். அதன்பின் ஒரிசா, நதியா, டாக்கா ஆகிய பகுதிகளில் அஞ்சல் நிலையங்களைச் சுற்றிப் பார்வையிடும் பணி கிடைத்தது.

அக்காலத்தில் வங்கக் குடியானவர் பட்ட பாடு கொஞ்சமன்று. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்குமாறு கட்டாயப்படுத்தினர். அவுரியிலிருந்து நீலச் சாயம் எடுக்கப்பெற்றது. தந்தை வாங்கிய முன்பணம் மகன் தலையிலும் கடனாக நின்றது. மறுத்தவரைத் தடியாட்கள் அடித்துக் கிடங்கில் அடைத்தனர். 1859-இல் குடியானவர் ஒன்று திரண்டு, இனி அவுரி விதையோம் என்று உறுதி பூண்டனர். 1860-இல் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவும் கட்டாயம் நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது.

ஊர்களைச் சுற்றிவந்த தீனபந்து இவற்றையெல்லாம் நேரில் கண்டார். அவர் எழுதியது மனுவன்று, நாடகம். பெயர்களை மாற்றினார், பல வீடுகளின் துயரத்தை ஒரே வீட்டில் வைத்தார். பொய் வழக்கிற் சிறை சென்று தூக்கிட்டு மாளும் கோலோக் பாசுவும், முதலாளியின் கொடுமைக்கு ஆளாகும் உழவர் மகள் க்ஷேத்ரமணியும் கற்பனைப் பாத்திரங்களே. எனினும் வங்கத்தார் அவர்களைத் தம் அண்டை வீட்டாராகவே கண்டனர். நீல்தர்ப்பண் என்பது நாடகத்தின் பெயர். எள்ளும் நீரும் இறைக்கும் தர்ப்பணம் என்று நம்மவர் மயங்கற்க. அவுரியின் கொடுமையைக் காட்டும் கண்ணாடி என்பதே பொருள்.

எழுதிவந்த நாளில் அவர் மேக்னா ஆற்றைக் கடக்கையில் படகு மூழ்கத் தொடங்கியதாம். கையெழுத்துப் படியைக் கையிற் பிடித்தபடி அவர் அசையாது அமர்ந்திருந்தார் என்றும், அருகே மணல்திட்டு தட்டுப்பட்டதால் அனைவரும் பிழைத்தனர் என்றும் அவருடைய நண்பர் பங்கிம் சந்திரர் எழுதியுள்ளார்.

1860-இல் டாக்காவில் வெளிவந்த நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. வழிப்போக்கர் ஒருவர் இயற்றியது என்றே குறிப்பிருந்தது. அடுத்த ஆண்டு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பாதிரியார் லாங் வெளியிட்டார். தோட்ட முதலாளிகள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். மொழிபெயர்த்தவர் பெயரை வெளியிட லாங் மறுத்து, ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் ஏற்றார். அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சின்ஹா என்னும் வங்கச் செல்வர் கட்டினார்.

மாணவர் எழுதிய நூலுக்காக ஆசிரியர் சிறை புகுந்தார். மாணவர் முன்வந்திருக்க வேண்டாவோ என்று நம் மனம் கேட்கிறது. மேலதிகாரியின் ஒரு குறிப்புத் தாளுக்கே கலங்கும் நாம் அவரைக் குறைகூறத் துணியோம். பெயரை அச்சிடாவிடினும், அதை மறைக்க அவர் பெருமுயற்சி செய்யவில்லை என்பதையும் பங்கிம் சந்திரரே குறித்துள்ளார். வேலைக்குத் தீங்கு நேரலாம் என்று அறிந்தே அவர் எழுதினார்.

1871-இல் லுஷாய்ப் படையெடுப்பின்போது அஞ்சல் ஏற்பாடுகளைத் திறம்படச் செய்து ராவ் பகதூருக்கு ஒப்பான ராய் பகதூர் பட்டம் பெற்றார். எனினும் மேலதிகாரிகளின் பூசலால் பதவியிழந்து, சிறிது காலம் ரயில்வே வேலையிலும் அமர்த்தப்பெற்றார். 1872 டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் நீல்தர்ப்பண் நாடகத்துடனேயே திரை தூக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, நவம்பர் 1-ஆம் நாள், 43-ஆம் வயதில் தீனபந்து காலமானார்.

நம் சங்க மேடைக்கு நாடகம் எழுத முனையும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். நடந்ததைக் கதையாக்குங்கால் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். பட்டவர் துன்பத்தின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ ஆகாது. இதற்குத் தீனபந்துவின் நாடகமே நமக்குச் சான்று.