எமில் சாட்டோபெக் – முதல் மரதனில் எடுத்த துணிவான தீர்மானம்

நீண்ட தூர ஓட்டம் என்றதும் உலக மெய்வல்லுநர் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று எமில் சாட்டோபெக் என்பதாகும். செக்கோஸ்லவாக்கியா நாட்டைச் சேர்ந்த இவர் 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் இவரைத் தவிர வேறு எவரும் இலர்.

இவற்றுள் மரதன் வெற்றியே மிகவும் வியப்புக்குரியது. அதுவே அவர் தமது வாழ்நாளில் ஓடிய முதலாவது மரதன். 42.195 கிலோமீற்றர் தூரத்தை எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற அனுபவம் அவருக்கு இருக்கவில்லை. அந்நிலையில் அவர் எடுத்த தீர்மானமும் அதன் விளைவுமே இப்பாடத்தின் மையப் பொருளாகும்.

1. இளமைக் காலம்

எமில் சாட்டோபெக் 1922 செப்டெம்பர் 19ஆம் திகதி மொராவியாப் பிரதேசத்தின் கொப்ரிவ்னிற்சே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு தச்சுத் தொழிலாளி. பெரிய குடும்பம்; வருமானம் குறைவு. எனவே பதினாறு வயதளவில் சிலின் நகரிலிருந்த பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஓட்டத்தில் அவருக்கு ஆரம்பத்தில் ஆர்வம் இருக்கவில்லை. தொழிற்சாலையின் விளையாட்டுப் பொறுப்பாளர் ஓட்டப் போட்டி ஒன்றுக்கு அவரைத் தெரிவு செய்தபோது, தமக்கு உடல்நலம் போதாது என்று கூறி விலகப் பார்த்தார். வைத்தியப் பரிசோதனையில் உடல் நலமாக இருப்பது தெரிய வந்ததால் ஓடியே தீர வேண்டியதாயிற்று. ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அப்போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றார். அன்றிலிருந்து ஓட்டமே அவரது வாழ்க்கையாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவத்தில் சேர்ந்து அதிகாரியானார்.

2. பயிற்சி முறை

சாட்டோபெக்கின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது இடைவேளைப் பயிற்சி முறையாகும. குறுகிய தூரத்தை வேகமாக ஓடுதல், பின் சிறிது தூரம் மெதுவாக ஓடி மூச்சைச் சீராக்குதல், மீண்டும் வேகமாக ஓடுதல் என்பதே இதன் ஒழுங்காகும். இம்முறையை அவர் முதலில் கண்டுபிடித்தார் என்று கூற முடியாது. ஆயினும் அவரைப் போல் அதைக் கடுமையாகக் கடைப்பிடித்தவர் அக்காலத்தில் இல்லை. 400 மீற்றர் தூரத்தை ஒரே நாளில் நாற்பது தடவை ஓடிய காலங்களும் உண்டு. பனியிலும் மழையிலும், கனமான இராணுவச் சப்பாத்துக்களை அணிந்தும் பயிற்சி செய்தார்.

அவர் ஓடும் தோற்றம் அழகாக இருக்காது. தலை ஒரு பக்கம் சாயும். முகம் வேதனையில் சுருங்கும். மூச்சு இரைவது தூரத்திலும் கேட்கும். விழுந்து விடுவாரோ என்று பார்ப்பவர் அஞ்சுவர். ஆனால் கால்களின் வேகம் குறையாது.

3. இலண்டனிலிருந்து ஹெல்சிங்கி வரை

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கமும் 5000 மீற்றரில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். (இதே ஒலிம்பிக்கிலேயே நமது நாட்டின் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க.)

1951ஆம் ஆண்டு 20 கிலோமீற்றர் தூரத்தை 59 நிமிடம் 51.8 செக்கனில் ஓடி முடித்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் 20 கிலோமீற்றரைக் கடந்த முதல் மனிதர் அவரே. இத்தரவு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

ஹெல்சிங்கியில் 1952 யூலை 20ஆம் திகதி 10,000 மீற்றரை 29 நிமிடம் 17.0 செக்கனில் வென்றார். யூலை 24ஆம் திகதி 5000 மீற்றர் இறுதிப் போட்டியில், கடைசி வளைவில் தமக்கு முன்னே சென்றவர்களைத் தாண்டி 14 நிமிடம் 06.6 செக்கனில் முதலிடம் பெற்றார். அதே நாளில் அவரது மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கப் பதக்கம் பெற்றார். கணவனும் மனைவியும் பிறந்தது ஒரே ஆண்டின் ஒரே திகதியில் என்பது சுவையான செய்தி.

மரதன் யூலை 27ஆம் திகதி நடைபெற இருந்தது. இரண்டு தங்கப் பதக்கங்கள் கையில் இருந்தமையால் அவர் ஓய்வெடுத்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மரதனிலும் ஓடத் தீர்மானித்தார்.

4. எந்த வேகத்தில் ஓடுவது?

மரதன் ஓட்டத்தில் வேகத்தைப் பங்கிடுதல் மிக முக்கியமானது. உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் என்னும் சக்திப் பொருள் எல்லையற்றதன்று. ஆரம்பத்தில் மிகையான வேகத்தில் ஓடுபவருக்கு அது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகத் தொடங்கும். அதன்பின் கால்கள் கனக்கும். மனம் விரும்பினாலும் உடல் ஒத்துழைக்காது. மிக மெதுவாகத் தொடங்கினாலோ முன்னே சென்றவர்களைப் பிடிக்க முடியாமற் போகும்.

முதன்முறையாக ஓடும் ஒருவருக்குப் பாதுகாப்பான வழி, பின்னால் இருக்கும் கூட்டத்தோடு மெதுவாகச் சென்று பிற்பகுதியில் முன்னேறுவதாகும். சாட்டோபெக் அவ்வழியைத் தெரிவு செய்யவில்லை. அப்போட்டியில் வெல்லக்கூடியவர் என எல்லோராலும் எதிர்பார்க்கப்பட்டவர் பிரித்தானியாவின் ஜிம் பீற்றர்ஸ். அவர் அதே ஆண்டு யூன் மாதத்தில் மரதனை 2 மணி 20 நிமிடம் 42 செக்கனில் ஓடியிருந்தார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. தமக்கு மரதனின் வேகம் தெரியாது. தெரிந்தவரைப் பின்தொடர்வோம் என்பதே சாட்டோபெக்கின் திட்டமாகும். பத்திரிகையில் பீற்றர்ஸின் இலக்கத்தைப் பார்த்து வைத்திருந்து, ஆரம்பக் கோட்டில் அவரைத் தேடிச் சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

இதில் பெரிய ஆபத்து இருந்தது. பின்தொடரப்படுபவர் வேகத்தைத் தவறாகக் கணித்தால், பின்தொடர்பவரும் சேர்ந்தே தோற்பார்.

5. போட்டியின் போக்கு

பீற்றர்ஸ் ஆரம்பம் முதலே கடும் வேகத்தில் ஓடினார். முதல் 10 கிலோமீற்றரை 32 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்தார். அந்த வேகத்தில் முழுத் தூரத்தையும் ஓடினால் 2 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அஃதாவது அவரது சொந்தச் சாதனையை விட ஐந்து நிமிடங்களுக்கும் மேல் குறைவு! சாட்டோபெக்கும் சுவீடனின் குஸ்தாவ் யான்சனும் சில செக்கன்கள் பின்னால் வந்தனர். பின்னர் அவர்கள் பீற்றர்ஸை எட்டிப் பிடித்தனர்.

இவ்விடத்தில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி புகழ்பெற்றது. இந்த வேகம் சரிதானா என்று சாட்டோபெக் பீற்றர்ஸிடம் விசாரித்தார். போட்டியாளரைக் குழப்ப எண்ணியோ வேடிக்கையாகவோ, வேகம் போதாது என்று பீற்றர்ஸ் பதில் அளித்தார். சாட்டோபெக் அதை நம்பினாரோ இல்லையோ, சற்று நேரத்தில் வேகத்தைக் கூட்டி முன்னே சென்றார். யான்சன் அவருடன் சென்றார். பீற்றர்ஸால் முடியவில்லை.

இதுவே அவரது இரண்டாவது தீர்மானம். முதல் தீர்மானத்தை விட இது ஆபத்தானது. வழிகாட்டியாகக் கொண்டவரை விட்டு விலகிய பின், அறியாத தூரத்தில் அவர் தம் உடலின் குறிப்பை மட்டுமே நம்பி ஓட வேண்டியிருந்தது.

30 கிலோமீற்றரை அடைந்தபோது யான்சனும் பின்தங்கி விட்டார். சாட்டோபெக் தனியாக முன்னணியில் இருந்தார். பீற்றர்ஸ் காலில் ஏற்பட்ட தசைப்பிடிப்பால் 32 கிலோமீற்றர் அளவில் போட்டியிலிருந்து விலகினார். சாட்டோபெக்கும் கடைசிப் பகுதியில் மிகவும் துன்பப்பட்டார். அவரது வேகமும் குறைந்தது. எனினும் நிற்கவில்லை. 2 மணி 23 நிமிடம் 03.2 செக்கனில் முடித்து முதலிடம் பெற்றார். பழைய ஒலிம்பிக் சாதனையை விட இது ஆறு நிமிடங்களுக்கும் மேல் குறைவானதாகும். இரண்டாம் இடம் பெற்ற ஆர்ஜென்ரீனாவின் ரெய்னால்டோ கோர்னோ இரண்டரை நிமிடங்கள் கழித்தே வந்து சேர்ந்தார். யான்சன் மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

6. ஒரே வேகம், இரு முடிவுகள்

முற்பகுதியில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினர். ஒருவர் விலகினார், மற்றவர் வென்றார். இதற்கான காரணங்களை மாணவர்கள் விளங்கிக்கொள்வது அவசியம்.

(அ) சாட்டோபெக்கின் அடிப்படை வேகம் மிக உயர்ந்தது. 10,000 மீற்றரை 29 நிமிட அளவில் ஓடக்கூடியவருக்கு அதே தூரத்தை 32 நிமிடத்தில் ஓடுதல் மூச்சைத் திணறவைக்கும் வேகமன்று.

(ஆ) மரதனில் அவர் 20 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 64 நிமிடங்கள் எடுத்தார். முந்திய ஆண்டில் அதே தூரத்தை 60 நிமிடங்களுக்குள் ஓடியிருந்தார். ஆகவே பாதித் தூரம் வரை அவர் தமது எல்லைக்குள்ளேயே இருந்தார். அறியாதது பிற்பாதி மட்டுமே.

(இ) பீற்றர்ஸ் தமது சொந்தச் சாதனையின் வேகத்தையும் மீறி ஓடத் தொடங்கினார். அனுபவம் இருந்தும் தமது அளவை மீறியமை அவரைப் பாதித்தது.

பீற்றர்ஸைத் திறமையற்றவர் என்று எண்ணுதல் தவறு. 1954 யூனில் அவர் மரதனை 2 மணி 17 நிமிடம் 39 செக்கனில் ஓடி, உலகின் மிகச் சிறந்த நேரத்தை மேலும் குறைத்தார். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் கனடாவின் வன்கூவரில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில், கடும் வெயிலிலும் வேகத்தைக் குறைக்காது ஓடினார். மற்றவர்களை விடப் பல நிமிடங்கள் முன்னதாக மைதானத்துக்குள் வந்தும், பல தடவை விழுந்தெழுந்து, முடிவுக் கோட்டை அடைய முடியாமல் மயங்கினார். அதன்பின் அவர் போட்டிகளில் ஓடவில்லை.

எனவே துணிவு மட்டும் வெற்றி தருவதில்லை. துணிவுக்குப் பின்னால் எவ்வளவு ஆயத்தம் இருக்கின்றது என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது. பரீட்சை மண்டபத்தில் முதல் வினாவிலேயே நேரம் முழுவதையும் செலவிடுபவரும், பயிற்சி இன்றிக் கடின வினாவைத் தெரிவு செய்பவரும் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

7. பிற்கால வாழ்க்கை

1954ஆம் ஆண்டு 10,000 மீற்றரை 29 நிமிடங்களுக்குள் ஓடிய முதல் வீரர் என்ற பெருமையைப் பெற்றார். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு சத்திரசிகிச்சை செய்துகொண்ட நிலையிலும் மரதன் ஓடி ஆறாம் இடத்தைப் பெற்றார். பல உலக சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் பெறாத அவுஸ்திரேலிய வீரர் ரொன் கிளார்க்குக்கு, 1960களில் தமது தங்கப் பதக்கம் ஒன்றையே அன்பளிப்பாக வழங்கினார்.

1968இல் செக்கோஸ்லவாக்கியாவில் சீர்திருத்தம் வேண்டியவர்களை ஆதரித்தார். அந்நியப் படைகள் நாட்டுக்குள் புகுந்ததை வெளிப்படையாக எதிர்த்தார். அதனால் கட்சியிலிருந்தும் இராணுவத்திலிருந்தும் நீக்கப்பட்டு, பல ஆண்டுகள் உடல் உழைப்பு வேலை செய்து வாழ நேர்ந்தது. ஆட்சி மாறிய பின் 1990இல் அவரது மதிப்பு மீள அளிக்கப்பட்டது. 2000 நவம்பரில் தமது 78ஆவது வயதில் பிராக் நகரில் காலமானார்.

நினைவிற் கொள்க

• 1922 – பிறப்பு
• 1948 – இலண்டன்: 10,000 மீற்றர் தங்கம், 5000 மீற்றர் வெள்ளி (இரண்டும் தங்கம் என எழுதுதல் பிழை)
• 1951 – 20 கிலோமீற்றர் ஒரு மணித்தியாலத்துக்குள்
• 1952 – ஹெல்சிங்கி: மூன்று தங்கப் பதக்கங்கள்
• 1956 – மெல்பேர்ன்: மரதனில் ஆறாம் இடம்
• 2000 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. இடைவேளைப் பயிற்சி முறை என்பதைச் சுருக்கமாக விளக்குக.
2. ஹெல்சிங்கியில் சாட்டோபெக் வென்ற மூன்று ஓட்டங்களையும் திகதி ஒழுங்கில் தருக.
3. மரதனில் ஆரம்ப வேகம் மிகையானால் ஏற்படும் விளைவு யாது? காரணம் கூறுக.
4. பீற்றர்ஸைப் பின்தொடர்ந்தமை, அவரை விட்டு முன்னேறியமை ஆகிய இரு தீர்மானங்களுள் எது கூடிய ஆபத்துடையது? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. ‘ஆயத்தம் இல்லாத துணிவு’ என்னும் தலைப்பில் 150 சொற்களுக்கு மேற்படாமல் கட்டுரை ஒன்று எழுதுக.