டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: பெயரும் வாழ்வும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (விலங்கியல்) மாணவி

என் அக்கா கருவுற்றிருந்தபோது, மகப்பேறு உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவள் நான் ஒருத்திதானே! படிவத்தின் தலைப்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று இருந்தது. ரெட்டி என்றால் ஆந்திராக்காரரா என்று அம்மா கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

ரெட்டி என்பது தெலுங்கு நாட்டில் ஊர்த்தலைவரையும் உழவர் குடியினரையும் குறித்து வழங்கிய பட்டம். இராட்டிரகூடர் பெயரிலிருந்து வந்ததென்பார் சிலர், மறுப்பாரும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் கொண்டவீட்டு அரசை நிறுவிய புரோலய வேமா ரெட்டி இப்பெயரினர். தமிழகத்தில் அது 'ஆர்' விகுதி பெற்று ரெட்டியார் ஆயிற்று. 1920-இல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரானவர் சுப்பராயலு ரெட்டியார்.

ஆனால் நம் அம்மையார் பிறப்பால் ரெட்டி அல்லர். 1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வராய் விளங்கியவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தையின் பட்டம் மகளுக்குக் கிட்டவில்லை. தாயின் மரபோ வழியை மறித்தது. மகாராஜா கல்லூரியில் சேர முயன்றபோது, பெண் என்பதோடு தாயின் குலத்தையும் சொல்லி எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடமளித்தார். மாணவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடம் கேட்டாராம். வகுப்பில் முன்வரிசைக்குப் போட்டியிடும் நமக்கு இது கதைபோல் தோன்றும்!

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். திருமணத்தில் அவருக்கு நாட்டமில்லை. டாக்டர் சுந்தர ரெட்டி மணம் பேச வந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாகக் கூடாது என்று கேட்டு, அவர் இசைந்த பிறகே சம்மதித்தார். 1914-இல் மணம் நடந்தது. இப்படி வந்ததுதான் ரெட்டி என்னும் பெயர். குலம் கொடுத்த பெயரன்று, தாமே நிபந்தனை பேசி ஏற்ற பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1926-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவரும் ஆனார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். அதே ஆண்டில், தங்க இடமின்றித் தம் வீட்டு வாசலுக்கு வந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்து இன்றும் அடையாற்றில் நடக்கிறது. பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அப்போது ஆட்சியில் இருந்தவரும் ஒரு ரெட்டியார்தாம்: ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அம்மையார் மறக்கவே இல்லை. பல்லாண்டு நிதி திரட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

அம்மருத்துவமனையை வளர்த்தவருள் ஒருவர் அவர் மகன். அவர் பெயர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி. தந்தையின் தலைப்பெழுத்து உண்டு, ரெட்டி இல்லை. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது முதல் தமிழ்நாட்டில் பலரும் அப்படியே எழுதுகிறோம். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் தலைப்பெழுத்துகள்தாம்.

அம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். திரைக்குப் பின்னே உட்கார்ந்தால் கரும்பலகை எப்படித் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டார்.