வளையாத்தூர் வெங்கையா

ஆரணி என்றவுடனே பட்டுச் சேலை நினைவுக்கு வருவது இயல்பு. சரித்திரம் சிறிது கற்றவராயின், 1751ஆம் ஆண்டில் கிளைவ் அவ்வூரருகே பொருது வென்றதும், 1782இல் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் அங்கே எதிர்நின்றதும் உடன் தோன்றும். ஆயினும் அவ்வூரை அடுத்த வளையாத்தூரிலே பிறந்து, தென்னாட்டுச் சரித்திரத்திற்கு அடிப்படை இட்டவருள் ஒருவராய் விளங்கிய ராய் பகதூர் வெங்கையாவின் பெயரை அறிந்தோர் எம் மாணவருள் மிகச் சிலரே. ஆரணியிலிருந்து வரும் மாணவரும் அறிந்திலர் என்பதே எமக்கு வியப்பு.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டின் இறுதியில் ஆரணியினின்றும் வந்த மாணவர் ஒருவர், சரித்திர வகுப்பை விட்டு வேறு வகுப்பிற்குச் செல்ல அனுமதி வேண்டி எம்மை அணுகினார். அவர் தந்தையார் தறி நெய்பவர். கடன் பட்டு மகனைப் படிக்க வைத்தவர், பழைய அரசர் பெயர்களை மனப்பாடம் செய்வதால் எந்த அடுப்பு எரியும் என்று வினவினாராம். வினா நியாயமானதே. கடன்பட்டவர் கேட்கும் கேள்வியை ஆசிரியர் நகைத்து ஒதுக்குதல் தகாது. அம்மாணவருக்கு யாம் கூறிய விடையே இவ்வரலாறு.

வெங்கையா 1864ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் பிறந்தார். அவர் பிறந்த நாடு கல்விக்கும் கல்லெழுத்திற்கும் குறைவற்றது. பதினாறாம் நூற்றாண்டில் வேலூர்ச் சின்னபொம்ம நாயக்கரால் ஆதரிக்கப்பெற்ற அப்பைய தீக்ஷிதரின் ஊராகிய அடையபலம் ஆரணிக்கு அண்மையிலே உள்ளது. தேவிகாபுரமும் படைவீடும் அணித்தே. இவ்வூர்க் கோயிற் சுவர்களிலெல்லாம் எழுத்துகள் நிறைந்துள்ளன. அவற்றின்மேல் கைவைத்து விளையாடும் சிறுவர் பலர். படித்துப் பார்ப்பவர் அன்று எவருமிலர்.

வெங்கையா சென்னைச் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் செய்த தொழிலை எந்தக் கலாசாலையும் அவருக்குக் கற்பிக்கவில்லை, கற்பித்திருக்கவும் இயலாது. அக்காலத்துச் சர்வகலாசாலை பரீக்ஷை நடத்திப் பட்டம் அளிக்கும் சபையாகவே இருந்தது. இந்திய சரித்திரத்திற்கென அங்கே ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது 1914இல். அதனை முதலில் வகித்தவர் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார். வெங்கையாவோ அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார்.

1886ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தவரான ஹுல்ஷ் என்னும் சம்ஸ்கிருத வித்துவான் சென்னை மாகாணத்துச் சாசன பரிசோதகராக நியமனம் பெற்றார். அவரிடம் வெங்கையா உதவியாளராக அமர்ந்தார். இது இன்று எளிதாகத் தோன்றும். அன்று பட்டம் பெற்ற இளைஞர் முன் இருந்த வழிகள் வக்கீல் தொழிலும், ரெவினியூ இலாகாவும், உபாத்தியாயர் வேலையுமே. அவற்றை விடுத்து, புழுதி படிந்த சுவர்களிடையே வெயிலிலும் வௌவால் நாற்றத்திலும் காலங்கழிக்கும் உத்தியோகத்தில் புகுந்தது துணிவே எனலாம்.

அத்தொழிலின் தன்மையைச் சிறிது கூறுதல் வேண்டும். முதலில் கல்லின்மேற் படிந்த சுண்ணத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவுவர். பின்னர் நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் ஓங்கித் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளங்களில் இறங்கும். சற்று உலர்ந்தபின் துணிப்பந்தில் மை தோய்த்து மெல்ல ஒற்றுவர். கருநிலத்தில் எழுத்து வெண்மையாய்த் தோன்றும். இதற்கு மைப்படி என்று பெயர். மைப்படி எடுப்பது பாதி வேலையே. புள்ளியிட்டு எழுதாத பழைய தமிழ் எழுத்தில் ஒற்றும் உயிர்மெய்யும் ஒன்றுபோலிருக்கும், சொற்களுக்கிடையே இடமிராது, பாதிக் கல்லைப் பிற்காலத்தார் ஒரு மண்டபம் கட்டி மறைத்திருப்பர். இவற்றினூடே பொருள் காண்பதற்குத் தமிழும் வடமொழியும் மட்டும் போதா. அறுந்த இழையை நெசவாளி தேடிப் பிடித்து முடிவது போன்ற பொறுமையும் வேண்டும். ஆரணிப் பக்கத்தவர்க்கு அது பிறவியிலேயே வாய்த்ததோ, அறியோம்!

1893இல் சென்னைக் காட்சிசாலையிலிருந்த ஜடிலவர்மனது செப்பேட்டை இந்தியன் ஆன்டிகுவரி என்னும் சஞ்சிகையில் வெங்கையா பதிப்பித்தார். அக்காலத்தில் முற்காலப் பாண்டியர் என்பார் பெரும்பாலும் புராணப் பெயர்களாகவே இருந்தனர். 1908ஆம் ஆண்டுச் சாசன அறிக்கையில் வேள்விக்குடிச் செப்பேட்டையும் பிறவற்றையும் ஒப்புநோக்கி அவ்வமிசத்தாரின் வரிசையை அவர் ஆராய்ந்தார். பல்லவரைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை 1906-07ஆம் ஆண்டுப் புதைபொருள் இலாகா அறிக்கையில் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன் எழுதிய மற்றொரு கட்டுரை எமக்கு மிகவும் உவப்பானது. பண்டைக்காலத் தென்னாட்டு நீர்ப்பாசனத்தைப் பற்றியது அது. போரும் பட்டாபிஷேகமுமே சரித்திரம் என எண்ணியிருந்த காலத்தில், ஏரி வெட்டியவனையும் மடை காத்தவனையும் கல்லிலிருந்து வெளிக்கொணர எண்ணியது சிறிய காரியமன்று.

எனினும் அவர் புகழை நிலைநிறுத்தியது உத்தரமேரூரே. அங்கே முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் ஊர்ச்சபையார் செய்துகொண்ட இரண்டு தீர்மானங்கள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் வாசகத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் 1904-05ஆம் ஆண்டு அறிக்கையில் வெங்கையா வெளியிட்டார். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேத சாஸ்திரப் பயிற்சியும் உடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. பிந்திய தீர்மானத்தின்படி முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் வயது இருத்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் சபைக்கு ஆகார். இஃது ஓர் அந்தணர் ஊரின் ஏற்பாடு என்பதையும், எல்லாக் குடிகளுக்கும் இடமளித்ததன்று என்பதையும் மேடைகளிலே பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர். வெங்கையாவின் பதிப்பை ஒருமுறை படித்தால் மறதி நீங்கும்.

அவர் எல்லாம் அறிந்தவர் என்று புனைந்துரைப்பது எம் நோக்கமன்று. மதுரையருகே கீழவளவுக் குகையிலுள்ள பிராமி எழுத்துகளின் மொழி அவர் காலத்தில் இன்னதெனத் தெளிவாகவில்லை. பாண்டிநாட்டுக் குகைகளிலுள்ள அவ்வகை எழுத்துகள் தமிழையே உணர்த்துகின்றன என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயரே நிறுவினார். இழையின் நுனியை ஒருவர் எடுத்துத் தர, மற்றொருவர் நெய்து முடித்தார்.

1903இல் ஹுல்ஷ், ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியராகச் சென்றபின், தென்னாட்டுச் சாசன வேலையின் பொறுப்பு வெங்கையாவிடம் வந்தது. 1908இல் இந்திய அரசாங்கத்தின் தலைமைச் சாசன பரிசோதகர் பதவி அவர்க்குக் கிடைத்தது. ஐரோப்பியர் வகித்துவந்த பதவி அது. அதனை அவர் நான்கு ஆண்டுகளே வகிக்க நேர்ந்தது. 1912ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில், அவர் காலமானார். தென்னிந்திய சாசனங்கள் இரண்டாந் தொகுதியின் ஐந்தாம் பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. அதில் அவர் பெயரும், அவரைத் தொடர்ந்து பதவியேற்ற கிருஷ்ண சாஸ்திரியார் பெயரும் சேர்ந்தே காணப்படும். 1935இலும் 1937இலும் சோழர் சரித்திரத்தை வெளியிட்ட நீலகண்ட சாஸ்திரியார், இத்தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் இல்லாமல் ஒரு அத்தியாயமும் எழுதியிருக்க முடியாது.

இனி, தந்தையாரின் வினாவிற்கு வருவோம். வெங்கையாவின் காலத்தில் இத்தொழிலுக்கு இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இன்று மைசூரில் மத்திய அரசின் கல்வெட்டுப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1961 முதல் நடைபெறுகிறது; கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் பட்டய வகுப்பும் நடத்துகிறது. காட்சிசாலைகளும், எழும்பூர் ஆவணக் காப்பகமும், ஆசிரியப் பணியும், அரசாங்கத் தேர்வுகளும் உள்ளன. இடங்கள் மிகுதி என்று பொய் கூறோம். தமிழ் மைப்படிகள் மைசூரில் தேங்கிக் கிடப்பதைப் பற்றி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட நேர்ந்தது. படிக்க வேண்டிய கல் மிகுதி, படிப்பவர் குறைவு என்பது மட்டும் மெய்.

அம்மாணவரிடம் மற்றொன்றையும் கூறினோம். சோழர் சாசனங்களில் தறியிறை என்னும் வரியைக் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களில் ராஜராஜனது சேனைப் பிரிவுகளின் வரிசையில் தெரிஞ்ச கைக்கோளர் படைகளின் பெயர்கள் உள்ளன. தறி பிடித்தோரின் பெயர் வாள் பிடித்தோர் வரிசையில் வந்தது எங்ஙனம் என்பது இன்றும் ஆராய்தற்குரியதே. இதனை அவர் வீட்டிற் சென்று கூறியிருக்கிறார். தந்தையார் நெடுநேரம் மறுமொழி கூறவில்லையாம். வகுப்பு மாற்றம் கோரிய விண்ணப்பம் இன்னும் எம் மேசைமேல்தான் இருக்கிறது. கோடை விடுமுறையில் பாவு ஏற்றிய சேலைகள் முடிந்ததும், தாமும் மகனுடன் தஞ்சைக்கு வந்து அவ்வெழுத்துகளைக் காண இசைந்திருக்கிறார் என்று அறிகிறோம்.