நாளுக்குப் பத்துப் பாட்டு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வரும். அதில் ஒரு பங்கு மலை தாண்டி மலையாள நாட்டுக்குப் போகும். ஊரில் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பூக் கட்டுவார்கள். கண் எங்கோ பார்க்கும். வாய் பேசிக்கொண்டிருக்கும். விரல் மட்டும் நிற்காது.

அப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் காலையில் விரல் மடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. நாரைப் பிடிக்க முடியவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் இளகுகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்கு வாதம் என்கிறார்கள். வீடு திரும்பும்போது அவள் மனத்தில் ஒரே கேள்விதான். இனி நான் யாருக்கு என்ன பயன்?

நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே போன்ற நிலை ஓர் இளைஞருக்கும் வந்தது. நம் ஊர்ப் பூ போகிற அதே மலையாள நாட்டில் பிறந்தவர் அவர். பெயர் மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. குருவாயூரப்பன்மீது நாராயணீயம் என்னும் வடமொழி நூலைப் பாடியவர்.

படிக்காத பிள்ளை

1560-ஆம் ஆண்டை ஒட்டி, பாரதப்புழை ஆறு ஓடும் திருநாவாய்ப் பக்கத்தில் பட்டத்திரி பிறந்தார். கற்றவர்கள் நிறைந்த குடும்பம். ஆனால் பிள்ளைக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை என்று அவர் கதையைச் சொல்பவர்கள் கூறுவார்கள்.

அவர் மணம் செய்துகொண்ட வீட்டில் அச்சுத பிஷாரடி என்ற பெரிய பண்டிதர் இருந்தார். வான சாஸ்திரத்திலும் கணிதத்திலும் கரை கண்டவர். பொழுது விடிந்து வெகு நேரம் கழித்து எழுந்து வந்த இளைஞரை ஒரு நாள் அவர் கடிந்துகொண்டார். அந்தச் சொல் தைத்தது. பட்டத்திரி அவரையே குருவாகக் கொண்டு பாடம் கேட்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இலக்கணத்தில் வல்லவர் என்று பெயர் எடுத்தார்.

குருவின் பாரம்

பிறகு குருவை வாத நோய் பற்றியது. அவர் கை கால் அசைக்க முடியாமல் படுத்துவிட்டார். மாணவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குரு காணிக்கையாக அந்த நோயையே தமக்கு வாங்கிக்கொண்டார் என்பது வழிவழியாக வரும் கதை.

நோயைக் கை மாற்றி வாங்க முடியுமா? முடியாது. முடக்கு வாதம் தொற்று நோய் அல்ல. தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து உண்டாலும் ஒட்டாது. ஆனால் நோயாளியின் பாரத்தில் ஒருவர் பங்கு எடுத்துக்கொள்ளலாம். கதை நமக்குச் சொல்வது அதைத்தான்.

எப்படி வந்ததோ, இருபத்தைந்து வயதை ஒட்டியே பட்டத்திரி வாதத்தில் விழுந்தார். அந்தக் காலத்தில் வாதம் என்ற ஒரே பெயரில் பல நோய்களைச் சொன்னார்கள். முடக்கு வாதமும் அவற்றில் ஒன்று. எழுதும் கை எழுத மறுத்தது. நடக்கும் கால் நடக்க மறுத்தது.

மீனில் தொடங்கு!

அப்போது மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனிடம் யோசனை கேட்கப்பட்டதாம். மீனில் தொடங்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினாராம்.

கேட்டவர்கள் திகைத்தார்கள். பட்டத்திரி புலால் தொடாத நம்பூதிரி. மீன் உண்ணச் சொல்வதா?

பட்டத்திரிக்கு மட்டும் பொருள் விளங்கிவிட்டது. திருமாலின் அவதாரங்களில் முதலாவது மீன். அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் பாடு என்பதே அந்த யோசனை.

எழுத்தச்சன் இலை மருந்து சொல்லவில்லை. படுத்துக் கிடந்த மனிதருக்கு ஒரு வேலையைச் சொன்னார்.

தம்பி பிடித்த எழுத்தாணி

பட்டத்திரி குருவாயூர் போனார். தனியாகப் போகவில்லை, போகவும் முடியாது. தம்பி மாத்ருதத்தன் துணைக்குப் போனார். கோவிலில் அண்ணனை உட்கார வைத்தார். அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி ஓலையில் எழுதினார் என்கிறார்கள். அவர்கள் அமர்ந்த இடத்தைக் குருவாயூர்க் கோவிலில் இன்றும் காட்டுகிறார்கள்.

பாகவதக் கதை முழுவதையும் பாட வேண்டும். மலைக்க வைக்கும் வேலை. பட்டத்திரி அதை நூறு துண்டாக்கினார். ஒரு நாளைக்குப் பத்துச் சுலோகம். அதற்குத் தசகம் என்று பெயர். அன்றைய பத்து முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது.

வலியை அவர் மறைக்கவில்லை. தசகத்தின் கடைசியில் தம் நோயைத் தீர்க்கும்படி குருவாயூரப்பனிடம் கேட்டார். மறுநாளும் கேட்டார். வலிக்கிறது என்று சொல்வதில் அவருக்கு வெட்கம் இல்லை.

நூறாவது நாள் நூல் முடிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்கள். கொல்லம் ஆண்டு 762, கார்த்திகை 28. அதாவது 1586-ஆம் ஆண்டின் கடைசி. அந்த நாளின் கணக்கை நூலின் கடைசிச் சொல்லிலேயே எழுத்துகளால் மறைத்து வைத்திருக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பொருள் நீண்ட ஆயுள், ஆரோக்கியம், சுகம். அன்று நோய் நீங்கியது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

மறுபடியும் வலி

பிறகும் பட்டத்திரி நெடுங்காலம் வாழ்ந்தார். அம்பலப்புழை அரசரின் ஆதரவில் பிரக்ரியா சர்வஸ்வம் என்ற பெரிய இலக்கண நூலை எழுதினார். 1621-ல் குரு மறைந்தபோது இரங்கல் சுலோகம் பாடினார்.

நோய் திரும்பி வந்ததாகவும் ஒரு கதை உண்டு. பூந்தானம் என்ற எளிய பக்தர் தாம் மலையாளத்தில் எழுதிய பாட்டைப் பார்த்துத் திருத்தித் தரக் கேட்டார். மலையாளப் பாட்டா என்று பட்டத்திரி அலட்சியம் செய்தார். அன்றிரவே பழைய வலி வந்துவிட்டது. பூந்தானத்தின் பக்தியே தனக்கு உகந்தது என்று குருவாயூரப்பன் கனவில் உணர்த்தினான். பட்டத்திரி மன்னிப்புக் கேட்டார். துணை வேண்டி நின்றவர், துணை கேட்டு வந்தவரை விரட்டலாமா என்பதே இக்கதையின் நீதி.

இன்றைய வைத்தியம்

பட்டத்திரி காலத்தில் இல்லாத மருந்து இன்று உண்டு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள் சவ்வைத் தாக்குவதுதான் முடக்கு வாதம். பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று பங்கு அதிகமாக வருகிறது. வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. இளம் வயதிலும் வரும். வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழ முடியாதவளைச் சோம்பேறி என்று ஏசக் கூடாது.

சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். வலி மாத்திரை மட்டும் போதாது. அது நோயை நிறுத்தாது. நோயை அடக்கும் மருந்து வேறு. அதில் சிலவற்றை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினம் சாப்பிட்டால் ஆபத்து. ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வலி குறைந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோய் அடங்கும், மறுபடி தலை தூக்கவும் செய்யும். சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். மேல் சிகிச்சை தேவையானால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆடித் தபசு பார்க்க வருபவர்கள் கோமதி அம்மன் சந்நிதியில் புற்று மண் எடுத்துப் பூசிக்கொள்வார்கள். பூக் கட்டும் அந்தப் பெண்ணும் பூசிக்கொள்ளட்டும். கூடவே மருந்தையும் விடாமல் சாப்பிடட்டும். நூறு முழம் கட்ட முடியாத நாளில் பத்து முழம் கட்டட்டும். அதுவும் முடியாத நாளில் நாரை வேறொருவர் பிடிக்கட்டும்.

பட்டத்திரிக்கு எழுத்தாணி பிடிக்க ஒரு தம்பி இருந்தார். உங்கள் வீட்டில் அந்தத் தம்பி யார்?