ஔவையாய் நின்ற கொடுமுடி கோகிலம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கோயில்களில் கொடியேறியதும் ஒலிபெருக்கியில் எழும் பக்திப் பாடல்களுள் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் கணீர்க் குரலுக்குத் தனியிடம் உண்டு. அக்குரலுக்குரியவரின் வாழ்வை நம் பெண்மக்கள் அறிதல் நலம்.

1908ஆம் ஆண்டு காவிரிக்கரைக் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த அம்மையார், சிறுவயதிலேயே நாடக மேடையேறினார். இலங்கையிலும் புகழ் ஈட்டினார். இசை நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கணவர் மறைந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளாடை பூண்டார், ஆடவருக்கு இணையாக இனி நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

கைம்பெண்களை மங்கல நிகழ்ச்சிகளினின்று விலக்கி வைத்த காலம் அது. ஆயினும் அம்மையார் முடங்கவில்லை. 1935இல் வெளிவந்த படத்தில் நந்தனாராக ஆண்வேடமே ஏற்று, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார்.

1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வெளிவந்தது. மணவாழ்வை விலக்க விநாயகரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்று, தனியே ஊர்தோறும் நடந்து, மன்னர்க்கும் அறமுரைத்தவர் ஔவை என்பது வழிவழிக் கதை. அக்கதை அம்மையாருக்குத் துணை நின்றது. ஊரார் அமங்கலம் என்று ஒதுக்கிய வெண்கோலமே, ஔவையின் கோலமாகி, மக்கள் கைகூப்பும் கோலமாயிற்று. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார், 1980இல் இறைவனடி சேர்ந்தார்.

மெய்யன்பர்களே! திருவிழா மேடையில் நம் சிறுமியர் ஔவை கதை சொல்லட்டும். திருவிளக்குப் பூசையில் கணவரை இழந்த சகோதரியரை முன்வரிசையில் அமர்த்துவோம். அம்மையாரின் பாடலை ஒலிக்கச் செய்யும் கோயிலுக்கு அதுவே அழகு.