பொர்னு நாட்டு அறிஞர் அல் கானெமி

ஆபிரிக்காவின் நடுவே, சாட் ஏரியை அடுத்து, நைஜீரியா, நைஜர், சாட், கமரூன் என்னும் நான்கு நாடுகளின் எல்லைகள் கூடுகின்றன. 2009ஆம் ஆண்டு முதல் போகோ ஹராம் இயக்கத்தின் கிளர்ச்சியால் அல்லலுற்ற நிலம் அது. வறுமையும் ஆட்சிச் சீர்கேடும் அதற்குக் காரணங்களே. ஆயினும் அதன் பழைய வேரை அறிய விழைவோர்க்கு முகம்மது அல் அமீன் அல் கானெமியின் வரலாற்றையே நான் முதலிற் சொல்வேன்.

இன்றைய லிபியாவின் தெற்கிலுள்ள பெசானில் 1776ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் அவர். தந்தையார் கானெம் நாட்டார், தாயார் அராபியர். சமயக் கல்வியில் தேர்ந்து, பொர்னு அரசின் எல்லைக்குள் மாணாக்கர் சூழ வாழ்ந்தார்.

மேற்கேயுள்ள ஹவுசா நாட்டில் 1804இல் உஸ்மான் தான் போதியோ என்னும் அறிஞர் புனிதப் போர் தொடங்கினார். அவர்வழி நின்ற புலானியர் 1808இல் பொர்னுவின் தலைநகரைக் கைப்பற்றினர். ஓடிய மன்னர் அல் கானெமியின் துணையை நாட, அவர் படைதிரட்டி நகரை மீட்டார்.

வாளேந்திய அவர் எழுதுகோலையும் கீழே வைத்தாரல்லர். தொழுகையும் நோன்பும் உடைய முஸ்லிம்கள்மேல் எந்தச் சட்டத்தாற் போர் தொடுத்தீர் எனப் புலானியத் தலைவர்க்கு மடல் விடுத்தார். நூல்களைக் கிழித்துத் தெருவில் எறிந்த கொடுமையையும் எடுத்துரைத்தார். இறைவன் பெயர் தாங்கிய ஏடுகள் அல்லவோ அவை! உஸ்மானின் மைந்தர் முகம்மது பெல்லோ விடையிறுத்தார். பொர்னு மக்கள் மரத்துக்கும் கல்லுக்கும் பலியிட்டனர், எம் பகைவர்க்கு உதவினர், ஆதலின் அவர் நெறி நீங்கியோர் என்றார். பாவம் செய்தல் வேறு, சமயத்தைத் துறத்தல் வேறு; பாவமில்லாத நாடு எங்கேயுளது என்பது அல் கானெமியின் வாதம். இவ்வாதத்தைத் தம் வரலாற்று நூலிற் பதிந்து காத்தவர் எதிர்வாதியான பெல்லோவே என்பது போற்றத்தக்கது.

1814இல் அல் கானெமி குக்காவா நகரை அமைத்தார். மன்னார் மக்கள் நன்கறிந்த பெருக்கமரத்தாற் பெற்ற பெயர் அது. பழைய மன்னரை அரியணையில் இருத்தி, ஆட்சியைத் தம் கையிற் கொண்டார். அதிகார வேட்கை அற்றவர் என்று அவரைச் சொல்லுதற்கில்லை. 1837இல் மறைந்தார். 1846இல் அவர் மைந்தர் உமர் பழைய அரச மரபை முடிவுறுத்தினார். சூடானிலிருந்து வந்த ராபிஹ் 1893இல் குக்காவாவை அழித்தான். பின்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் ஜெர்மானியரும் நாட்டைப் பங்கிட்டனர்.

போகோ ஹராமும் தம்மொடு சேராத முஸ்லிம்களை நெறி நீங்கியோர் என்றே கொன்றது. அல் கானெமியின் வழித்தோன்றலான பொர்னு ஷேகுவைக் குறிவைத்து, 2012இல் மைதுகுரிப் பள்ளிவாசலருகே தற்கொலைத் தாக்குதல் நிகழ்ந்தது. ஷேகு உயிர் தப்பினார். மக்கள் சிலர் மாண்டனர். பிறர் நெஞ்சின் நம்பிக்கையை அளந்து அவர் உயிருக்குத் தீர்ப்பிடலாமோ என்பதே அல் கானெமியின் மடல் எழுப்பிய வினா. அதற்கு விடை காணாதவரை அந்நிலத்தில் அமைதி நிலைக்கும் என்று நான் கருதேன்.